கால்பந்து பார்க்கப் பெண் பிள்ளை போகலாமா?

என் அண்ணன் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, நண்பர்களோடு சென்னைக்குச் சென்று நேரு விளையாட்டரங்கில் ஒரு கால்பந்துப் போட்டியைக் கண்டு வந்தார். புறப்படும் செய்தியை அன்று காலையில்தான் வீட்டில் சொன்னார். அப்பா கைச்செலவுக்குப் பணம் கொடுத்தார். அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் நீலத் துண்டு ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டிய குரலோடு அண்ணன் திரும்பி வந்தார். அந்த ஆட்டத்தின் கதையைக் கேட்டு எனக்கு ஒரு வாரம் தூக்கமே இல்லை.

“அப்பா, அடுத்த முறை நானும் போகட்டுமா?” என்று கேட்டேன்.

“கூட்டத்துல பொம்பளப் பிள்ளைக்கு என்ன வேலை? டி.வி.யில பாரு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் அப்பா.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை, அன்போடுதான் சொன்னார். ஆயினும் அந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று, உங்கள் வீட்டிலும் ஒலித்திருக்கும் என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

தோழியரே, கால்பந்து நம் கடற்கரைக்குப் புதிதா? மாலையில் வலைகள் காயும் மணலிலே பந்து உருளாத ஊர் உண்டா? கோயில் திருநாள் என்றால் கொடியேற்றம் எப்படியோ, அப்படியே பந்தாட்டமும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை என்னும் மீனவர் ஊரில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், மணலில் ஆடிப் பழகி, 2019-ஆம் ஆண்டில் இந்திய அணிக்கும் ஆடினார். நம்மைப் போலவே கடற்கரைக் கோயிலின் மணியோசை கேட்டு வளர்ந்தவர் அவர்.

திருச்சபைக்கும் இவ்விளையாட்டு அயலானதன்று. அர்ஜென்டினா நாட்டின் தலைநகராகிய புவனஸ் அயர்ஸ் நகரிலே லொரன்சோ மாசா என்ற சலேசிய சபைக் குரு ஒருவர் இருந்தார். தெருவில் பந்தாடி ஆபத்தில் சிக்கிய சிறுவர்களைக் கண்ட அவர், தம் கோயில் வளாகத்தைத் திறந்துவிட்டு, “இங்கே ஆடுங்கள், ஞாயிறு பூசைக்கும் வாருங்கள்” என்று அழைத்தாராம். அப்படி 1908-இல் தோன்றியதுதான் சான் லொரன்சோ கழகம். அக்கழகத்தின் உறுப்பினர் அட்டையைத் தம்மோடு வைத்திருந்த ஒரு ரசிகரே பிற்காலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆனார். 2025 ஏப்ரலில் அவர் இறைவனடி சேர்ந்தபோது, திருச்சபையோடு அந்தக் கழகமும் கண்ணீர் விட்டது. எனவே பந்தாட்டம் பார்ப்பது பக்திக்குப் பகை என்று எவரும் சொல்ல முடியாது.

அப்படியானால் பெண்களுக்கு மட்டும் பகையா? இந்த எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1920-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டே, “இவ்விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதன்று” என்று கூறி, தன் மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்கு அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தடை விதித்தது. அந்தத் தடை நீங்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின. ஈரான் நாட்டிலோ ஆடுவதற்கு அல்ல, பார்ப்பதற்கே தடை இருந்தது. ஆண் வேடம் பூண்டு அரங்கத்துக்குள் நுழைந்த பெண்கள் அங்கே உண்டு. 2019 அக்டோபர் 10 அன்று, கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்துக்குத் தெஹ்ரானின் ஆசாதி அரங்கில் பெண்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 3,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சீட்டு வாங்கி உள்ளே அமர்ந்தார்கள். ஈரான் 14 கோல் அடித்து வென்றது. கோல்களைக் காட்டிலும் அந்த நாற்காலிகளே பெரிய வெற்றி என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. சட்டம் தடுக்காததை வழக்கம் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நம் தமிழகத்துப் பெண்கள் அவ்வழக்கத்தை எப்போதோ தாண்டிவிட்டார்கள். தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியில் 2018-இல் மணிப்பூரையும், 2023-இல் அரியானாவையும் இறுதி ஆட்டத்தில் வென்று கோப்பையைக் கொண்டுவந்தது தமிழ்நாட்டு அணி. மதுரையின் சேது அணி 2019-இல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடுகிறவராகவும் காவல்துறை அதிகாரியாகவும் விளங்குவதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். மைதானத்தின் நடுவிலே பெண் நிற்கலாமாம். ஓரத்து நாற்காலியிலே பெண் அமரக் கூடாதாம்! இது என்ன நியாயம்?

நிற்க. இங்கே பெற்றோரின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவின் ஈடன் தோட்ட அரங்கில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் மோதியபோது, கூட்டத்தில் ஏற்பட்ட கலவரத்தாலும் நெரிசலாலும் 16 ரசிகர்கள் மாண்டார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில், கிரிக்கெட் வெற்றி விழாவைக் காணச் சின்னசாமி அரங்கின் வாயில்களில் திரண்ட கூட்டத்தில் 11 பேர் உயிரிழந்தார்கள். காலையில் வீட்டில் “போயிட்டு வாறேன்” என்று சொல்லிப் போனவர்கள்தாம் அவர்களும். ஆகவே, “பயப்படாதீர்கள்” என்று பெற்றோரிடம் சொல்வது பதிலாகாது. “பயத்துக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறேன் பாருங்கள்” என்று சொல்வதே பதிலாகும்.

இதை எனக்குக் கற்பித்தவர் எங்கள் ஆச்சி. ஆச்சியின் தகப்பனார் முத்துக் குளித்தவர். நம் கடலில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துக் குளிப்பே கடைசியானது. அதன்பின் சிப்பி போதிய அளவு விளையவில்லை. அந்நாளில் எவரும் நினைத்தவுடன் கடலில் குதித்துவிட முடியாது. முதலில் அதிகாரிகள் முத்துப் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பி எடுத்துப் பார்த்து, பிறகே குளிப்பு உண்டா இல்லையா என்று அறிவிப்பார்கள். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், குறித்த நாளில்தான் தோணிகள் புறப்படும். குளிக்கிறவர் கல்லின் துணையால் ஆழத்துக்கு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்த மறுகணமே மேலே இழுத்துவிட வேண்டும்; தாமதித்தால் மூச்சுப் போய்விடும்.

“அந்தக் கயித்த யார் கையில கொடுப்பாவ தெரியுமா? மச்சான் கையிலதான். தங்கச்சி தாலிக்குக் கேடு வரக் கூடாதேன்னு அவன் கண்ண இமைக்காமப் பார்த்துக்கிட்டே இருப்பான்” என்று ஆச்சி சொல்லிச் சிரிப்பார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஆழத்தைத் தெரிந்துகொள், கயிற்றைக் கட்டிக்கொள், பிறகு துணிந்து இறங்கு என்பது முத்துக் குளித்தவர்களின் வாழ்க்கை. நான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, என் முதல் அரங்கப் பயணத்துக்கு ஒரு திட்டம் எழுதினேன். அதன் சுருக்கத்தை, உங்களுக்கும் உதவும் என்று இங்கே தருகிறேன்.

முதலாவது, ஆட்டம் உண்டா என்பதை உறுதி செய்வது. இந்திய சூப்பர் லீக் 2014-இல் தொடங்கியது. செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்குவது அதன் வழக்கம். ஆனால் 2025-ஆம் ஆண்டில் ஒப்பந்தச் சிக்கலால் அந்தத் தொடர் தொடங்கவே இல்லை. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. நாள் குறித்த பிறகும் மாற்றம் வரலாம். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, சென்னை அணி தன் ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனே நகருக்கு மாற்றப்பட்டது. ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் வரை அது 120 நாட்களாக இருந்தது. ஆகவே முதலில் போட்டி அட்டவணை, அடுத்து ரயில் சீட்டு, அதன்பின் அரங்கச் சீட்டு. ஆட்டம் மாறினாலும் வீண் போகாதபடி, சென்னையில் பார்க்க வேறு ஓர் இடத்தையும் குறித்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, பயணம். நம் ஊரிலிருந்து சென்னை ஏறத்தாழ 650 கிலோமீட்டர். முத்துநகர் விரைவு ரயில் இரவில் புறப்பட்டு, மறுநாள் காலையில் எழும்பூரைச் சேரும். அங்கிருந்து அரங்கம் தொலைவில் இல்லை. பெரியமேட்டில், ரிப்பன் மாளிகைக்கும் சென்ட்ரல் நிலையத்துக்கும் அருகே இருக்கிறது. எழும்பூருக்கு அடுத்த மின்ரயில் நிலையமான பூங்கா நிலையத்திலோ, சென்ட்ரல் மெட்ரோ நிலையத்திலோ இறங்கி நடந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: மெட்ரோவில் ‘நேரு பூங்கா’ என்றொரு நிலையம் உண்டு. பெயரைக் கண்டு, நேரு விளையாட்டரங்கம் அங்கேதான் என்று இறங்கிவிடக் கூடாது. இன்னொன்று: நேரு விளையாட்டரங்கம் என்ற பெயர் சென்னையில் மட்டுமன்றிக் கோவையிலும், கொச்சியிலும், டில்லியிலும் உண்டு. சீட்டு வாங்கும்போது ஊர்ப் பெயரையும் படிக்க வேண்டும்!

மூன்றாவது, தங்குமிடமும் திரும்பும் நேரமும். ஆட்டங்கள் பெரும்பாலும் மாலையிலோ இரவு ஏழரை மணிக்கோ தொடங்குகின்றன. நம் ரயிலும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் எழும்பூரை விட்டுப் புறப்படுகிறது. அன்றே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டால், ஒன்று ரயில் போகும் அல்லது ஆட்டம் போகும். 2015 டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 89-ஆம் நிமிடம் வரை கோவா அணி 2-1 என்று முன்னிலையில் இருந்தது. அதன்பின் சில நிமிடங்களுக்குள் சென்னை அணிக்கு இரண்டு கோல்கள் கிடைத்தன, கோப்பையும் கிடைத்தது. ரயிலைப் பிடிக்க முன்கூட்டியே எழுந்து போனவர் எவரேனும் இருந்தால், அவருடைய வாழ்நாள் வருத்தம் எத்தகையதாக இருக்கும்! எனவே ஆட்ட நாளிரவு பெரம்பூரில் எங்கள் அத்தை வீட்டில் தங்கல். மறுநாள் மாலையில் ரயில். உறவினர் இல்லாத தோழியர், பெரியவர் ஒருவரின் துணையோடு தங்கும் இடத்தை முன்னரே முடிவு செய்துகொள்ளலாம்.

நான்காவது, அரங்கத்துக்குள்ளே. சென்னை அரங்கம் 1993-இல் கட்டி முடிக்கப்பட்டது. சுமார் 40,000 பேர் அமரக்கூடியது. சீட்டில் எழுதியுள்ள வாயில் எண்ணைப் பார்த்து, ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே செல்ல வேண்டும். அமர்ந்தவுடன் வெளியேறும் வழி எது, கழிப்பறை எது, முதலுதவி எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் புட்டி, பெரிய பை முதலியவற்றைப் பொதுவாக உள்ளே விடுவதில்லை. அவற்றைக் கொண்டுபோய் வாயிலில் வாதாடக் கூடாது. பள்ளி அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். கைப்பேசி மின்னேற்றம் தீர்ந்துவிட்டாலும் உதவும்படி, வீட்டு எண்ணையும், குழந்தைகள் உதவி எண் 1098, ரயில் உதவி எண் 139 ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் முண்டியடிக்காமல், கூட்டம் கலையும்வரை பத்து நிமிடம் இருக்கையிலேயே அமர்ந்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் பிரிந்துவிட்டால்? இதற்கு விடை நமக்கு முன்பே தெரியும்! 2023 ஆகஸ்ட் 5 அன்று பனிமய மாதாவின் தங்கத் தேர் வீதிவலம் வந்தபோது எத்தனை இலட்சம் மக்கள் நம் தெருக்களில் நின்றார்கள்! அன்று அம்மா எங்களை அழைத்துச் செல்லும்போதே, “கை விட்டுப் போச்சுன்னா அழக் கூடாது, தேடி அலையவும் கூடாது. கொடிமரத்துக்கிட்ட வந்து நில்லு” என்று சொல்லிவிட்டார். தேர்க் கூட்டத்துக்கு ஒரு கொடிமரம் உண்டென்றால், பந்தாட்டக் கூட்டத்துக்கும் ஒரு கொடிமரத்தைக் குறித்துக்கொள்ள முடியாதா? நாங்கள் நுழையும் வாயிலுக்கு வெளியே, ஓர் இடத்தைக் குறித்துக்கொள்வோம்.

ஐந்தாவது, நடத்தை. நாம் அங்கே விருந்தினர். எதிர் அணியினரை வசைபாடுவதும், அவர்களுடைய கொடியைப் பழிப்பதும் கன்னியர் கற்பித்த பிள்ளைகளுக்கு அழகன்று. 2018 உலகக் கோப்பையில் ஜப்பான் அணி இரண்டு கோல் முன்னிலை பெற்றும், கடைசியில் பெல்ஜியத்திடம் 2-3 என்று தோற்றது. ஜப்பான் ரசிகர்கள் அழுதார்கள். அழுதுகொண்டே தாங்கள் அமர்ந்த இடத்தின் குப்பைகளைப் பொறுக்கிப் பைகளில் நிரப்பினார்கள். தோற்ற நாளிலும் பெருக்கிவிட்டுப் போகிறவனே உண்மையான ரசிகன். ஆகையால் எங்கள் பையில் மடித்த வெறும் பைகள் இரண்டு இருக்கும்.

இந்த நோட்டை அப்பாவிடம் கொடுத்தேன். துறைமுகத்து வேலை முடிந்து வந்தவர், கண்ணாடி அணிந்து பக்கம் பக்கமாகப் படித்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, “திரும்பி வாற டிக்கெட்டும் இப்பவே போட்டிரணும்” என்றார். சற்று நேரம் கழித்து, “உங்கூட யாரு வருவா?” என்று கேட்டார்.

தோழியரே, கவனித்தீர்களா? “பொம்பளப் பிள்ளைக்கு என்ன வேலை?” என்ற கேள்வி அன்று எழவே இல்லை. அப்பா சரி என்றும் சொல்லவில்லை. பொதுத் தேர்வு முடியட்டும் என்றார். ஆனால் மூடியிருந்த கதவின் தாழ் விலகிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனமில்லை. என் அண்ணனிடம் எவரும் நோட்டுக் கேட்கவில்லை. எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய், கூட்டம் நெரிந்தால் என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெங்களூரில் வாயில் முன்னே நெரிந்த கூட்டம், ஆண் என்றும் பெண் என்றும் பார்த்ததா? உயிருக்கு ஆபத்து இருவருக்கும் ஒன்றே. அப்படியிருக்க, ஒருவனுக்குப் புளியோதரையும் ஒருத்திக்குத் தடையும் கொடுப்பது சரியாகாது. பெண்ணை அனுப்பாமல் இருப்பது அவளைக் காப்பது ஆகாது; பையனைக் கேள்வி கேட்காமல் அனுப்புவதும் அவன்மேல் அன்பு ஆகாது. இருவருக்கும் நோட்டு வேண்டும். இருவருக்கும் கயிறு வேண்டும்.

அன்புப் பெற்றோரே! கயிறு இல்லாமல் எங்களைக் கடலில் இறக்கிவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதே கயிற்றால் எங்களைத் தோணியிலேயே கட்டிப்போட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். கயிற்றை நீங்கள் பிடித்திருங்கள். மேலே நீங்கள் நிற்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு நாங்கள் இறங்குகிறோம். அசைத்தால் இழுத்துவிடுங்கள்.

மதிப்புக்குரிய அருட்சகோதரிகளே! ஆண்டுதோறும் எங்களைச் சுற்றுலாவாக அணைக்கட்டுக்கும் அரண்மனைக்கும் அழைத்துச் செல்கிறீர்கள். ஓர் ஆண்டு, ஒரே ஓர் ஆண்டு, தமிழகப் பெண்கள் ஆடும் ஒரு போட்டியைக் காண எங்களை அழைத்துச் செல்லலாகாதா? அதற்கு முன்னோட்டமாக, நம் தருவை மைதானத்தில் நடக்கும் ஒரு ஆட்டத்துக்கு வகுப்போடு போய் வந்தாலும் போதும். கூட்டத்தில் எப்படி நடப்பது என்பதும் ஒரு பாடந்தானே!

பொதுத் தேர்வு முடிந்து, விடுமுறையும் கழிந்து, அடுத்த போட்டி அட்டவணை வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். நோட்டில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். அங்கே நான் கண்ட முதல் கோலைப் பற்றி எழுதுவேன். உடன் வருவது யார் என்று அப்பா கேட்டாரே, அந்தக் கேள்விக்கு விடையும் கிடைத்துவிட்டது. சென்ற வாரம் ஆச்சி மெல்ல என் அருகில் வந்து, “எனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் போடு தாயி, நானும் இதுவர உள்ளே போய்ப் பார்த்ததில்ல” என்றார்.

– பத்தாம் வகுப்பு மாணவி